வெளிநாட்டுக் கட்சிகளின் பெயர்களை மொழிபெயர்க்கலாமா? கலைக்களஞ்சியத்தில் தேடுவோருக்கு ஒரு பாடம்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்து, இன்டர்நெட் இணைப்பும் கிடைத்தவுடன் பலரும் முதலில் நாடுவது கலைக்களஞ்சியத் தளங்களைத்தான். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் புராஜெக்ட், போட்டித் தேர்வுக்கான பொது அறிவு, செய்தித்தாளில் படித்த ஒரு விஷயத்தைப் பற்றிக் கூடுதல் தகவல் என எல்லாவற்றிற்கும் இவை உதவுகின்றன. ஊர், மலை, விஞ்ஞானி ஆகியவற்றின் பெயர்களைத் தேடுவதில் அதிகச் சிக்கல் இல்லை. ஆனால் வெளிநாட்டு அரசியல் கட்சி ஒன்றைத் தமிழில் தேடிப் பாருங்கள். அங்குதான் தொல்லை தொடங்கும்.

எடுத்துக்காட்டாக, "சுதந்திரக் கட்சி" என்று டைப் செய்து தேடுவதாக வைத்துக் கொள்வோம். இது எந்த நாட்டுக் கட்சி? இலங்கையில் 1951ல் தொடங்கப்பட்ட கட்சியா? ஆஸ்திரியாவில் 1956ல் தொடங்கப்பட்டதா? நெதர்லாந்தில் 2006ல் தொடங்கப்பட்டதா? மூன்றின் பெயரையும் தமிழாக்கினால் இதே பெயர்தான் கிடைக்கும். ஆனால் மூன்றுக்கும் கொள்கையிலும் வரலாற்றிலும் தொடர்பு இல்லை. ஒன்றின் தேர்தல் முடிவை மற்றொன்றின் பக்கத்தில் தேடி, தவறான விடையை நோட்டில் எழுதிவிட வாய்ப்பு உண்டு.

அப்படியானால் கட்சிப் பெயர்களை மொழிபெயர்க்கவே கூடாதா? அல்லது எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டுமா? கலைக்களஞ்சியம் எழுதுபவர்களுக்கு இது பழைய கேள்வி. அதைப் பயன்படுத்தும் நமக்கும் இதற்கான விடை தெரிந்திருந்தால் தேடுவது எளிதாகும். எழுதும்போதும் பிழை வராது. இந்தப் பாடத்தில் அதனைப் பார்ப்போம். கூடவே எக்ஸெல் புரோகிராமில் ஒரு சிறு பயிற்சியும் செய்வோம்.

பெயருக்கு இரண்டு வேலைகள்

கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரையின் தலைப்பு இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். முதலாவது, தேடுபவரைச் சரியான பக்கத்திற்குக் கொண்டு சேர்ப்பது. இரண்டாவது, படித்தவுடன் ஓரளவு பொருள் விளங்கச் செய்வது. ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் முதல் வேலை நன்றாக நடக்கும். மொழிபெயர்த்தால் இரண்டாவது வேலை நன்றாக நடக்கும். ஒரே தலைப்பில் இரண்டும் முழுமையாக நடப்பது அரிது. சண்டை எழுவது இங்கேதான்.

அச்சுப் புத்தகத்தில் இந்தச் சண்டைக்கு இடம் குறைவு. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் போன்ற நூலில், ஒரு கட்டுரை அகர வரிசையில் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். வேறு பெயரில் தேடுபவருக்கு "காண்க" என்று ஒரு வரி போடலாம். பக்கம் கூடினால் செலவும் கூடும் என்பதால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

கம்ப்யூட்டரில் அந்த எல்லை இல்லை. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் "வழிமாற்று" என்று ஒரு வசதி உள்ளது. ஒரு கட்சிக்குத் தமிழில் ஐந்து பெயர்கள் வழங்கினால், நான்கை வழிமாற்றுப் பக்கங்களாக அமைத்துவிடலாம். எந்தப் பெயரை டைப் செய்தாலும் ஐந்தாவது பெயரில் உள்ள கட்டுரைக்கே வந்து சேர்வீர்கள். தலைப்பிற்குக் கீழே, எந்தப் பெயரிலிருந்து வழிமாற்றப்பட்டது என்று ஒரு சிறு வரி தெரியும். அடுத்த முறை தேடும்போது அதைக் கவனியுங்கள். ஒரே பெயரில் பல கட்சிகள் இருந்தால் அவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும் பக்கமும் உண்டு. அதன் பெயர் "பக்கவழி நெறிப்படுத்தல்".

எனவே "மொழிபெயர்ப்பா, ஒலிபெயர்ப்பா" என்ற கேள்வி, இரண்டில் ஒன்றைக் குப்பையில் போடும் கேள்வி அல்ல. எது தலைப்பில் நிற்க வேண்டும், எது முதல் வரியில் வர வேண்டும், எது வழிமாற்றாக இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

மொழிபெயர்த்தால் வரும் சிக்கல்கள்

1. பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். பிற மொழிகளில் தனித்தனியாக இருக்கும் பெயர்கள் தமிழுக்கு வரும்போது ஒன்றாகிவிடுகின்றன. ஜெர்மனியில் எப்.டி.பி. என்ற கட்சி 1948ல் தொடங்கப்பட்டது. ஜப்பானில் ஜியூ மின்ஷுடோ 1955ல் இரண்டு கட்சிகள் இணைந்து உருவானது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டுமே "சுதந்திர ஜனநாயகக் கட்சி"தான். துருக்கியில் 2001ல் தொடங்கப்பட்ட கட்சி ஒன்றும், மொராக்கோ நாட்டின் கட்சி ஒன்றும் "நீதி மற்றும் வளர்ச்சிக் கட்சி" என்றே ஆகும்.

2. பெயர் கொள்கையைச் சொல்வது போலத் தோன்றும். இதுதான் பெரிய ஆபத்து. ஆஸ்திரேலியாவின் லிபரல் கட்சி 1944ல் ராபர்ட் மென்சீஸ் முயற்சியால் உருவான வலதுசாரிச் சார்புள்ள கட்சி. கனடாவின் லிபரல் கட்சி அதற்கு மாறாக நடுநிலையிலும் சற்று இடப்பக்கத்திலும் நிற்பது. ஜப்பானின் ஜியூ மின்ஷுடோ கட்சியை ஆங்கிலத்தில் லிபரல் டெமாக்ரடிக் என்பார்கள். அது பழமைவாதக் கட்சி. ரஷ்யாவில் அதே ஆங்கிலப் பெயரைக் கொண்ட கட்சி தீவிர தேசியவாதக் கட்சி. இவை எல்லாவற்றையும் "தாராளவாத" என்று தமிழாக்கினால், படிப்பவர் நான்கையும் ஒரே குடும்பம் என்று எண்ணிவிடுவார். ஆங்கிலச் சொல்லாகவே இருக்கும்போது அது வெறும் பெயர். தமிழானவுடன் அது விளக்கம் போல ஆகிவிடுகிறது.

போர்ச்சுகல் நாட்டின் சமூக ஜனநாயகக் கட்சி 1974ல் வேறு பெயரில் தொடங்கி, 1976ல் இந்தப் பெயரை ஏற்றது. அது நடுநிலை வலதுசாரிக் கட்சி. ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியோ இடதுசாரிச் சார்புள்ளது. பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் நேர் எதிரான விடை வரும்.

இந்த வகையில் டென்மார்க்கின் வென்ஸ்ட்ரே கட்சியை யாராலும் மறக்க முடியாது. "வென்ஸ்ட்ரே" என்றால் "இடது" என்று பொருள். 1870ல் கட்சி தொடங்கியபோது, "வலது" என்று பொருள்படும் ஹோய்ரே அணிக்கு எதிரே நின்றதால் இப்பெயர் வந்தது. இன்று அது நடுநிலை வலதுசாரிக் கட்சி. பெயர் மட்டும் மாறவில்லை. "டென்மார்க்கின் இடது கட்சி" என்று தலைப்பிட்டால் மொழிபெயர்ப்பு சரி, தகவல் தவறு. அருகே உள்ள நார்வேயிலும் 1884ல் தொடங்கிய வென்ஸ்ட்ரே என்ற தனிக் கட்சி உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

3. ஆங்கிலம் வழியாக வரும்போது பொருள் மாறும். பிரான்சில் 1972ல் தொடங்கப்பட்ட தேசிய முன்னணி, 2018ல் தன் பெயரை ரசாம்ப்ளமான் நசியொனால் என்று மாற்றிக் கொண்டது. ஆங்கிலத்தில் இதை நேஷனல் ரேலி என்றார்கள். அதிலிருந்து தமிழுக்குப் பெயர்த்தவர்கள் "தேசியப் பேரணி" என்றார்கள். பேரணி என்றவுடன் தெருவில் கொடி பிடித்துச் செல்லும் ஊர்வலம்தான் நமக்கு நினைவுக்கு வரும். பிரெஞ்சுச் சொல்லின் பொருள் "ஒன்றுதிரள்வது, ஒன்றுசேர்வது" என்பதாகும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது பொருள் நழுவிவிட்டது.

4. சில பெயர்கள் பெயர்க்கவே முடியாதவை. இத்தாலியில் 1994ல் சில்வியோ பெர்லுஸ்கோனி தொடங்கிய கட்சியின் பெயர் ஃபோர்சா இத்தாலியா. இது கால்பந்து மைதானத்தில் ரசிகர்கள் எழுப்பும் உற்சாகக் குரல். ஸ்பெயினில் 2014ல் தொடங்கிய பொதேமோஸ் கட்சியின் பெயருக்கு "நம்மால் முடியும்" என்று பொருள். துருக்கிக் கட்சியின் பெயர்ச்சுருக்கத்தில் "அக்" என்று வரும். துருக்கி மொழியில் இதற்கு "வெண்மை, தூய்மை" என்று பொருள். கட்சியினர் அந்தச் சுருக்கத்தை விரும்பிப் பயன்படுத்துவது அதனால்தான். "நீ.வ.க." என்று தமிழில் சுருக்கினால் அந்தச் சாமர்த்தியம் முழுவதும் போய்விடும்.

ஒலியை எழுதினால் வரும் சிக்கல்கள்

இத்தனை தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் ஒலிப்படியே எழுதிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் சிக்கல் உண்டு.

முதலாவது, எந்த ஒலி? அயர்லாந்தின் மூன்று கட்சிகளைப் பாருங்கள். 1905ல் தொடங்கிய ஷின் ஃபெய்ன், 1926ல் தொடங்கிய ஃபியனா ஃபால், 1933ல் தொடங்கிய ஃபின கெய்ல். இவை ஐரிஷ் மொழிப் பெயர்கள். ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களே இவற்றை மொழிபெயர்ப்பதில்லை. ஆனால் எழுத்துகளை ஆங்கிலம் போலக் கூட்டிப் படித்துத் தமிழில் எழுதுபவர்கள் "சின் ஃபீன்", "ஃபைன் கேல்" என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். ஒருவர் எழுதிய ஒலியை மற்றவர் தேடமாட்டார். சீனாவில் உருவாகி 1949ல் தைவானுக்குச் சென்ற கட்சியின் பெயரை ஆங்கிலத்திலேயே இரண்டு விதமாக எழுதுகிறார்கள். அதனால் தமிழில் கோமிங்டாங், குவோமின்டாங், குவோமிந்தாங் என்று பல வடிவங்கள் வந்துவிட்டன.

இரண்டாவது, யார் படிப்பது? ஆஸ்திரியக் கட்சியை "ஃப்ரைஹைட்லிஷ பார்ட்டை ஓஸ்டர்ரைக்ஸ்" என்று தலைப்பிட்டால், எட்டாம் வகுப்பு மாணவருக்கு அது கட்சியா, மருந்தின் பெயரா என்று கூடத் தெரியாது. தமிழ்க் கலைக்களஞ்சியம் தமிழில் படிப்பவருக்காக எழுதப்படுவது. அவரால் வாசிக்கவே முடியாத தலைப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் பயன் இல்லை. மொழிபெயர்க்க வேண்டும் என்பவர்களின் வாதத்தில் மிக வலுவானது இதுதான். இதை ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாவது, கம்ப்யூட்டர் சார்ந்த ஒரு சிக்கல். யூனிகோடு தமிழில் "ஸ்ரீ" என்ற எழுத்தை இரண்டு விதமாக உள்ளிடலாம். ஒன்று "ஸ" எழுத்தில் தொடங்குவது. மற்றொன்று 2005ல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட "ஶ" எழுத்தில் தொடங்குவது. பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. எனவே ஸ்ரீலங்கா என்று தொடங்கும் கட்சிப் பெயர் கண் முன்னே இருந்தும் தேடலில் அகப்படாமல் போகலாம். அப்போது "ஸ்ரீ" எழுத்தை விட்டுவிட்டு, பெயரின் அடுத்த பகுதியை மட்டும் டைப் செய்து தேடுங்கள்.

நம் பெயர்களை மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

இதே கேள்வியைத் திருப்பிப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். 1949ல் தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகத்தை ஆங்கிலச் செய்தித்தாள்களும் கலைக்களஞ்சியங்களும் அதே ஒலியில்தான் எழுதுகின்றன. பொருளை அடைப்புக்குள்ளோ முதல் வரியிலோ தருகின்றன. நாமும் பாரதிய ஜனதா கட்சியை அப்படியே சொல்கிறோம். "இந்திய மக்கள் கட்சி" என்று யாராவது எழுதினால் நமக்கு உடனே புரியாது. அதே சமயம் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி என்னும் பெயரில் "இந்திய", "கட்சி" ஆகியவை தமிழில் உள்ளன. "கம்யூனிஸ்ட்" ஒலியாக நிற்கிறது. பாதி பெயர்ப்பு, பாதி ஒலி. இதில் யாருக்கும் குழப்பமே இல்லை. பழக்கத்தில் வந்த பெயருக்கு உள்ள பலம் அது.

இலங்கையும் சிங்கப்பூரும் இன்னொரு பாடத்தைத் தருகின்றன. இரு நாடுகளிலும் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அங்குள்ள பல கட்சிகளுக்கு ஏற்கெனவே தமிழ்ப் பெயர் உண்டு. சிங்கப்பூரில் 1954ல் தொடங்கிய ஆளும் கட்சி தமிழில் மக்கள் செயல் கட்சி. 1957ல் தொடங்கிய வொர்க்கர்ஸ் பார்ட்டி அங்குள்ள தமிழர்களுக்குப் பாட்டாளிக் கட்சி. சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து புதிதாக மொழிபெயர்த்தால் "தொழிலாளர் கட்சி" என்றுதான் எழுதுவோம். தவறான தமிழ் அல்ல. ஆனால் அந்தக் கட்சிக்குச் சொந்தமான பெயர் அதுவல்ல.

இலங்கையின் ஜனதா விமுக்தி பெரமுன, தமிழில் மக்கள் விடுதலை முன்னணி என்றும் ஜே.வி.பி. என்றும் வழங்குகிறது. 1949ல் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சியின் ஆங்கிலப் பெயர் ஃபெடரல் பார்ட்டி. தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் ஒன்றுக்கொன்று நேர் மொழிபெயர்ப்பு அல்ல. ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்துத் தமிழாக்குபவர் "கூட்டாட்சிக் கட்சி" என்று எழுதினால், தமிழிலேயே பிறந்த கட்சியின் பெயரைத் தமிழ் வாசகரே அடையாளம் காண முடியாமல் போகும்.

அப்படியானால் என்ன விதி?

மேலே பார்த்தவற்றிலிருந்து ஐந்து விதிகளை வகுத்துக் கொள்ளலாம். இந்த வரிசையிலேயே கேட்டுப் பாருங்கள்.

1. அந்த நாட்டுத் தமிழர்கள் ஏற்கெனவே வழங்கும் பெயர் உள்ளதா? இருந்தால் அதுவே தலைப்பு.

2. தமிழ் நாளிதழ்களிலும் பாடநூல்களிலும் ஊன்றிவிட்ட பெயர் உள்ளதா? அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, பிரிட்டனின் தொழிற்கட்சி ஆகியவை இப்படிப்பட்டவை. இவற்றை மாற்ற வேண்டியதில்லை.

3. பெயர் முழக்கமாகவோ, தனிச்சொல்லாகவோ, இன்று பொருள் மாறிப்போன சொல்லாகவோ உள்ளதா? ஃபோர்சா இத்தாலியா, ஷின் ஃபெய்ன், வென்ஸ்ட்ரே போன்றவற்றில் ஒலியே தலைப்பாகட்டும்.

4. சாதாரணச் சொற்களால் ஆன நீண்ட பெயரா? மொழிபெயர்க்கலாம். ஆனால் நாட்டின் பெயரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். "சுதந்திரக் கட்சி (ஆஸ்திரியா)" என்பது போல எழுத வேண்டும். ஆங்கிலப் பெயரிலிருந்து பெயர்க்காமல், மூலப் பெயரின் பொருளைப் பார்த்துப் பெயர்க்க வேண்டும்.

5. தலைப்பு எதுவாக இருந்தாலும் கட்டுரையின் முதல் வரியில் மூலப் பெயரின் ஒலி, அதன் பொருள், சுருக்கம் மூன்றும் இருக்க வேண்டும். சுருக்க எழுத்துகளை மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது.

ஐந்தாவது விதிதான் மிகவும் முக்கியம். மற்ற நான்கில் ஏதாவது தவறிப் போனாலும் இந்த ஒன்று இருந்தால் படிப்பவர் வழிதவறமாட்டார்.

மூலப் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

தமிழ்க் கட்டுரையில் மூலப் பெயர் தரப்படவில்லை என்றால் நீங்களே கண்டுபிடிக்கலாம். வழி எளிது.

1. விக்கிப்பீடியாவில் கட்சிக் கட்டுரையைத் திறந்து கொள்ளுங்கள். தலைப்பின் அருகில் மொழிகளின் பட்டியல் இருக்கும். பழைய தோற்றத்தில் இது இடது ஓரத்தில் கிடைக்கும்.

2. அந்த நாட்டு மொழியில் கிளிக் செய்திடுங்கள். ஜெர்மன் மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அங்குள்ள தலைப்பே கட்சியின் சொந்தப் பெயர். அதைக் காப்பி செய்து வைத்துக் கொள்ளுங்கள்.

3. கருவிகள் மெனுவில் விக்கித்தரவு என்ற தளத்திற்கு ஒரு லிங்க் இருக்கும். 2012ல் தொடங்கிய இத்தளம், உலகில் உள்ள ஒவ்வொரு விஷயத்திற்கும் ஓர் எண்ணைத் தருகிறது. எண்ணுக்கு முன்னால் ஆங்கிலத்தின் "க்யூ" எழுத்து இருக்கும். அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சிக்கு 29552. குடியரசுக் கட்சிக்கு 29468. தமிழில் எப்படி எழுதினாலும், சீனத்தில் எப்படி எழுதினாலும் இந்த எண் மாறாது. ஒவ்வொரு மொழியிலும் கட்சிக்கு வழங்கும் பிற பெயர்களையும் அதே பக்கத்தில் பார்க்கலாம்.

இரண்டு கட்டுரைகள் ஒரே கட்சியைப் பற்றியவையா என்று சந்தேகம் வந்தால் இந்த எண்ணை ஒப்பிடுங்கள். எண் ஒன்றானால் கட்சி ஒன்று. எண் வேறானால், தமிழ்ப் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் கட்சிகள் வேறு.

ஓர் எச்சரிக்கை. இப்போது பிரவுசர்களிலேயே வெளிநாட்டுத் தளங்களைத் தானாக மொழிபெயர்க்கும் வசதி உள்ளது. அவசரத்திற்கு இது நல்ல உதவி. ஆனால் கட்சிப் பெயரையும் சாதாரணச் சொல்லாக எண்ணி அது மொழிபெயர்த்துவிடக் கூடும். பெயரைக் குறித்துக் கொள்ளும்போது மட்டும் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு மூலப் பக்கத்தைப் பாருங்கள்.

எக்ஸெல் பயிற்சி: மோதும் பெயர்களைப் பிடிப்போம்

இனி நாமே ஒரு சிறு பட்டியல் தயாரிக்கலாம். எக்ஸெல் புரோகிராமைத் திறந்து, முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: நாடு, மூலப் பெயரின் ஒலி, தமிழ்ப் பொருள், சுருக்கம், தொடங்கிய ஆண்டு, குறிப்பு.

முதலில் நாடு, தமிழ்ப் பொருள் ஆகிய இரண்டு தூண்களை மட்டும் நிரப்புங்கள். பத்து வரிசைகள் போதும்.

ஜெர்மனி – சுதந்திர ஜனநாயகக் கட்சி
ஜப்பான் – சுதந்திர ஜனநாயகக் கட்சி
ஆஸ்திரியா – சுதந்திரக் கட்சி
நெதர்லாந்து – சுதந்திரக் கட்சி
போர்ச்சுகல் – சமூக ஜனநாயகக் கட்சி
ஜெர்மனி – சமூக ஜனநாயகக் கட்சி
துருக்கி – நீதி மற்றும் வளர்ச்சிக் கட்சி
மொராக்கோ – நீதி மற்றும் வளர்ச்சிக் கட்சி
டென்மார்க் – இடது
இத்தாலி – ஃபோர்சா இத்தாலியா

இப்போது தமிழ்ப் பொருள் உள்ள தூண் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். ஹோம் டேப்பில் கண்டிஷனல் பார்மட்டிங் என்பதில் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் மெனுவில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், பின்னர் டூப்ளிகேட் வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே தட்டுங்கள். ஒன்றுக்கு மேல் வரும் பெயர்கள் எல்லாம் சிவப்பு நிறத்தில் மாறும். பத்தில் எட்டு சிவப்பாவதைக் காண்பீர்கள். மொழிபெயர்ப்பை மட்டும் தலைப்பாக வைத்தால் எவ்வளவு மோதல் வரும் என்பதைக் கம்ப்யூட்டரே காட்டிவிட்டது.

ஏதாவது ஒரு ஜோடி சிவப்பாகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஒரு பெயரின் கடைசியில் வெற்று இடம் விழுந்திருக்கலாம். அல்லது "சுதந்திரக்" என்பதில் "க்" விடுபட்டிருக்கலாம். எக்ஸெல் எழுத்துகளை மட்டுமே பார்க்கும். பொருளைப் பார்க்காது.

அடுத்து, ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்கும் பின்னால் நாட்டின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேருங்கள். சிவப்பு நிறம் ஒவ்வொன்றாக மறையும். நான்காவது விதியில் நாட்டின் பெயரை ஏன் கட்டாயம் என்றோம் என்பது இப்போது கண்ணால் விளங்கும்.

ஆனால் டென்மார்க்கின் "இடது" முதலிலிருந்தே சிவப்பாகவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அது வேறு எந்தப் பெயருடனும் மோதவில்லை. ஆனாலும் அதுதான் இந்தப் பட்டியலிலேயே அதிகம் ஏமாற்றும் பெயர். மோதலைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். தவறான பொருளை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் "குறிப்பு" என்ற கடைசித் தூண். அதில் கட்சியின் இன்றைய நிலையை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

பட்டியல் வளர்ந்த பின் கண்ட்ரோல் + ஷிப்ட் + எல் கீகளை அழுத்தினால் ஒவ்வொரு தலைப்பிலும் பில்டர் அம்புக்குறி தோன்றும். நாடு வாரியாகவோ ஆண்டு வாரியாகவோ பிரித்துப் பார்க்கலாம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்த பைல் மிகவும் உதவும்.

நினைவில் வைக்க வேண்டியது

கட்சியின் பெயர் என்பது கட்சி தன்னைப் பற்றித் தானே சொல்லிக் கொள்வது. அதன் பொருளைத் தெரிந்து கொள்ள வேண்டும். அதற்காக மொழிபெயர்ப்பு வேண்டும். ஆனால் பொருள் தெரிந்துவிட்டதால் கட்சியே தெரிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. அதற்காக மூலப் பெயரும் கூடவே இருக்க வேண்டும். புத்தகத்தில் இரண்டுக்கும் இடம் தருவது கடினமாக இருந்தது. உங்கள் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரில் அது மிக எளிது.

வீட்டுப் பயிற்சி

1. "மக்கள் கட்சி" என்று தமிழாகும் கட்சிகள் எத்தனை நாடுகளில் உள்ளன? ஸ்பெயின், ஆஸ்திரியா, பாகிஸ்தான் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றின் சொந்த மொழிப் பெயரையும் பட்டியலில் சேருங்கள்.

2. அவற்றின் விக்கித்தரவு எண்களைக் குறித்து, எல்லாம் வேறு வேறுதானா என்று சரிபாருங்கள்.

3. இன்றைய செய்தித்தாளில் வரும் ஏதாவது ஒரு வெளிநாட்டுக் கட்சியை எடுத்துக் கொண்டு, ஐந்து விதிகளின்படி அதற்கு எது தலைப்பு, எது முதல் வரி, எவை வழிமாற்று என்று எழுதிப் பாருங்கள்.